ஐந்தாவது சனிக்கிழமை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளை நம்பி வாழும் குடும்பங்களுக்கு மாதம் முதல் தேதியில் பிறப்பதில்லை. எங்களுக்கு எல்லாக் கணக்கும் சனிக்கிழமை இரவில்தான் தொடங்குகிறது. அன்றைக்குத்தான் வாரச் சம்பளம். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஓவர்லாக் டெய்லராக இருக்கும் என் கணவர், ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வீடு வந்து சேர ஒன்பதரை மணியாகிவிடும். சம்பளக் கவரை அவர் பிரிப்பதில்லை. சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, கை கால் கழுவி வந்து உட்கார்ந்ததும் மூத்தவளைக் கூப்பிட்டு எண்ணச் சொல்வார். ஏழு வயதான அவள் ஐந்நூறு ரூபாய்த் தாள்களைப் பாயின்மேல் ஒவ்வொன்றாக அடுக்கி, "அம்மா, எட்டு இருக்குது" என்பாள். எட்டுத் தாள்கள் என்றால் நாலாயிரம் ரூபாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக எங்கள் கைக்கு வரும் ஒரு வாரத்துச் சம்பளம் அவ்வளவுதான்.

இந்த நாலாயிரத்தில் நான்கு பேர் கொண்ட குடும்பம் எப்படிச் சேமிக்கிறது என்று என் தோழிகள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். வருமானம் குறைவு என்பதைக் காட்டிலும் எங்களைத் தொடக்க காலத்தில் அதிகம் வருத்தியது வேறொன்று. வருமானம் வாரக் கணக்கில் வருகிறது. வாடகையும் தவணையும் மாதக் கணக்கில் போகின்றன. பள்ளிக் கட்டணம், வண்டிக் காப்பீடு, தீபாவளி, ஆவணி முகூர்த்தங்களின் மொய் ஆகியவை ஆண்டுக் கணக்கில் வந்து வாசலில் நிற்கின்றன. இந்த மூன்று காலண்டர்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும் இடங்களில்தான் கடன் உள்ளே நுழைகிறது என்பதை நாங்கள் மெதுவாகத்தான் புரிந்துகொண்டோம்.

வருமானம் திடீரென்று நின்றுபோவதை நான் பதினைந்து வயதிலேயே பார்த்துவிட்டேன். என் அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்தவர். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததற்கு எதிராக விவசாயிகள் நடத்திய நெடிய வழக்கில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத முறையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப்பகுதி விவசாயிகள் பட்ட துன்பத்தை அறிந்தவர்கள் யாரும் அந்த உத்தரவைத் தவறென்று சொல்ல மாட்டார்கள், அப்பாவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சம்பளக் கவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி அடகுக்குப் போய், மீட்க முடியாமல் ஏலத்தில் முடிந்தது. அந்த இரண்டு மாதங்கள் எங்களைக் காப்பாற்றியது, அரிசிப் பானைக்குள் அம்மா யாருக்கும் தெரியாமல் சேர்த்து வைத்திருந்த ஆறாயிரத்துச் சொச்சம் சிறுவாட்டுப் பணம். அதிலிருந்துதான் எனக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வுக் காலத்தில் பேருந்துக் கட்டணமும் வீட்டுக்குப் பாலும் வந்தன. சேமிப்பு என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு நினைவுக்கு வருவது, ஈர அரிசி மாவின் வாசனையோடு மடங்கியிருந்த அந்த ரூபாய்த் தாள்கள்தான்.

இவ்வளவையும் பார்த்து வளர்ந்தும், 2017இல் திருமணம் ஆன புதிதில் நான் பெரிய தவறுகளைச் செய்தேன். முதல் தவறு சிறியதுதான், ஆனால் எங்கே பிசகுகிறது என்று காட்டிக் கொடுத்தது அதுதான். 2018ஆம் ஆண்டு, மகள் பிறந்த சமயத்தில், ஒரு செல்போனைத் தவணைக்கு வாங்கினோம். தவணை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்படும். அந்த ஜூலையில் 5ஆம் தேதி வியாழக்கிழமை. சம்பளம் 7ஆம் தேதி சனிக்கிழமை. கணக்கில் பணம் இல்லாததால் தவணை திரும்பிப் போய், வங்கி ஒரு அபராதமும் கடன் கொடுத்த நிறுவனம் இன்னொரு அபராதமும் போட்டன. இரண்டு நாள் தாமதத்துக்கு அரை வாரத்து மளிகைச் செலவு போய்விட்டது. பணம் எங்களிடம் இல்லாமல் இல்லை. அது வரும் நாளும் போகும் நாளும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது தவறு சீட்டு. சீட்டு என்றாலே மோசம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; வங்கி வாசலை மிதிக்கத் தயங்கிய எங்கள் பாட்டிகளுக்கு வீடு கட்டவும் பெண்ணைக் கட்டிக் கொடுக்கவும் கைகொடுத்தது சீட்டுதான். அது எப்படி நடக்கிறது என்று தெரியாமல் சேர்வதுதான் ஆபத்து. எங்கள் வீதியில் ஒருவர் 20 பேர், 20 மாதம், மாதம் 2,000 ரூபாய் என்று ஏலச்சீட்டு நடத்தினார். மொத்தத் தொகை 40,000. மூன்றாம் மாதம் ஒருவருக்கு அவசரம். அவர் 10,000 ரூபாய் தள்ளி 30,000 எடுத்துக்கொள்கிறார். தள்ளிய பத்தாயிரத்தில் நடத்துபவரின் கமிஷன் 2,000 போக மீதி 8,000 இருபது பேருக்கும் பிரியும்; ஆளுக்கு 400 ரூபாய் கழிவு. ஆகவே அந்த மாதம் ஒவ்வொருவரும் 1,600 கட்டினால் போதும். கடைசி வரை பொறுத்திருப்பவருக்கு இந்தக் கழிவுகள்தாம் வட்டி. முன்னதாக எடுப்பவருக்குத் தள்ளிய தொகைதான் கடனுக்கான விலை. கணக்கில் குற்றமே இல்லை. எல்லாம் நடத்துபவரின் நாணயத்தில் நிற்கிறது.

நாங்கள் பொறுத்திருந்தவர்கள். பதின்மூன்று மாதம் கட்டி முடித்திருந்தோம். பதினான்காம் மாதம் ஏலத்துக்குப் போனபோது அந்த வீடு பூட்டியிருந்தது. பல ஆண்டுகளாக நாணயமாக நடத்தி வந்தவர்தான். எடுத்தவர்கள் சிலர் திருப்பிக் கட்டாமல் போனதால் ஒரு சீட்டுப் பணத்தை இன்னொரு சீட்டுக்குப் புரட்டிப் புரட்டிக் கடைசியில் தாங்க முடியாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. எங்கள் பங்கு ஏறத்தாழ 22,000 ரூபாய். எங்களிடம் இருந்த ஆதாரம், கையடக்க நோட்டில் தேதியும் தொகையும் மட்டுமே. ஒரு கையெழுத்து இல்லை. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டை நடத்துபவர் அதைப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும், சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையை முன்கூட்டியே கட்ட வேண்டும், கமிஷனுக்கும் உச்சவரம்பு உண்டு. முன்பு 5 சதவீதமாக இருந்த அது பின்னர் 7 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இவற்றை நான் தெரிந்துகொண்டது பணம் போன பிறகு. சீட்டில் சேர விரும்பும் யாரிடமும் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, பதிவு எண் என்ன என்பதுதான்.

மூன்றாவது தவறு, உறவினர் ஒருவரின் வற்புறுத்தலுக்காக எடுத்த ஆயுள் காப்பீடு. சேமிப்பும் காப்பீடும் சேர்ந்தது என்றார்கள். ஆண்டுக்கு 12,000 ரூபாய் பிரீமியம். முதல் ஆண்டு கட்டினோம். இரண்டாம் ஆண்டு கட்ட வேண்டிய நேரத்தில் 2020 மார்ச் ஊரடங்கு வந்து கம்பெனிகள் பூட்டிக்கொண்டன. பாலிசி காலாவதியானது. அன்றைய விதிப்படி ஓராண்டு மட்டும் கட்டியவருக்குத் திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை. 2024 அக்டோபர் முதல் இந்த விதி பாலிசிதாரருக்குச் சாதகமாக மாற்றப்பட்டிருப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. எங்களைப் போல வருமானம் ஏறி இறங்கும் குடும்பங்கள்தாம் பாதியில் நிறுத்துகின்றன.

இந்த மூன்றையும் ஒரு நாள் இரவு நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் ஐந்தாவது சனிக்கிழமை என் கண்ணில் பட்டது. ஆண்டுக்கு 52 வாரங்கள். மாதத்துக்கு நான்கு சனிக்கிழமை என்று கணக்கிட்டால் 48தான் வருகிறது. மீதி நான்கு சனிக்கிழமைகள் எங்கே? சில மாதங்களில் ஐந்து சனிக்கிழமைகள் வருகின்றன. 2025ஐ எடுத்துக்கொண்டால் மார்ச், மே, ஆகஸ்ட், நவம்பர் ஆகிய நான்கு மாதங்களில் ஐந்து. அந்த ஐந்தாவது வாரத்துச் சம்பளத்தை அதுவரை நாங்கள் உணர்ந்ததே இல்லை. அந்த மாதம் கொஞ்சம் தாராளமாக இருக்கும். பிள்ளைக்கு ஒரு உடுப்பு, வெளியே ஒரு வேளைச் சாப்பாடு, யாருக்கோ ஒரு கைமாற்று என்று கரைந்துவிடும். அதன் பிறகு ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்குக் கம்மலைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்கு நடப்பேன்.

இப்போது எங்கள் மாதச் செலவு முழுவதும் நான்கு சனிக்கிழமைகளுக்குள் அடங்குகிறது. ஐந்தாவது சனிக்கிழமையின் கவர் பிரிக்கப்படாமல் அப்படியே பச்சை நிறப் பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். திங்கட்கிழமை காலை தபால் நிலையத்துச் சேமிப்புக் கணக்குக்குப் போகும். அந்தப் பணத்துக்கு ஆண்டுச் செலவுகளைத் தவிர வேறு வேலை கிடையாது. முந்தைய ஆண்டின் நோட்டைப் பார்த்து அந்தச் செலவுகளைக் கூட்டினேன்: பள்ளிக் கட்டணம் 12,000, புத்தகமும் சீருடையும் 4,000, வண்டிக் காப்பீடு 1,500, தீபாவளி 8,000, மொய் 6,000, குலதெய்வக் கோயிலுக்குப் போய் வர 3,000, எங்கள் இருவருக்குமான அரசுக் காப்பீட்டுப் பிரீமியம் 900 ரூபாய்க்குச் சற்று மேல். மொத்தம் ஏறத்தாழ 35,000. ஐந்தாவது சனிக்கிழமைகள் நான்கும் சேர்ந்து 16,000 தருகின்றன. தீபாவளி போனஸ், குறைந்தபட்ச விகிதமான 8.33 சதவீதத்தில், எங்களுக்கு 19,000 வரை வருகிறது. இரண்டும் சேர்ந்தால் 35,000. இந்தக் கூட்டல் பொருந்தி வந்த இரவில் நான் என் கணவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினேன்.

நான்கு சனிக்கிழமைகளின் பிரிவினையைச் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கும் மின்சாரத்துக்கும் வாரம் 1,300. மளிகை, காய்கறி, பால் 1,200. பெட்ரோல், கேஸ், செல்போன் 400. மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பான தபால் நிலைய ஆர்.டி.க்கு 500; பிள்ளைகளின் மருந்துக்கும் பள்ளி வேனுக்கும் 300; கைச்செலவு 300. மாத வாடகையை மாதம் பிறந்த பிறகு தேடாமல் வாரா வாரம் எடுத்து வைப்பதால், முதல் தேதி எங்களுக்கு ஒரு சாதாரண நாளாகிவிட்டது. மளிகைக் கணக்கு 1,200இல் நிற்பதற்கு ரேஷன் கடை முக்கியக் காரணம். விலையில்லா அரிசியோடு துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளியே பருப்பு கிலோ நூறு ரூபாய்க்கு மேல். பருப்பு வந்த செய்தி தெரிந்ததும் அன்றைக்கே போய் வாங்கிவிட வேண்டும் என்பதால், வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரத்தை நான் வேலை நேரமாகவே கருதுகிறேன். நாங்கள் இருப்பது வரிசையாகக் கட்டிய லைன் வீடு. மின்சாரத்துக்கு வீட்டுக்காரர் உள்மீட்டர் வைத்து அலகுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். அரசு தரும் 100 இலவச அலகுகளின் பலன் வாடகைக்கு இருப்பவர்களின் கைக்குப் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சேமிப்பை எங்கே வைப்பது என்பதில் எங்களுக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது: நடுவில் சில வாரங்கள் கட்ட முடியாமல் போனால் அந்தச் சேமிப்பு என்ன ஆகும்? வட்டி விகிதத்தைப் பிறகுதான் பார்ப்போம். தபால் நிலையத்தின் ஐந்தாண்டு ஆர்.டி.க்கு இப்போது 6.7 சதவீத வட்டி. மாதம் 2,000 கட்டினால் ஐந்தாண்டில் நாம் கட்டுவது 1,20,000. கைக்கு வருவது 1,42,700 ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்தான் அபராதம். ஓராண்டு கட்டிய பிறகு இருப்பில் பாதி வரை கடனும் கிடைக்கும். எங்கள் பகுதியில் முகவராக இருக்கும் அக்கா வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வதால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதும் இல்லை. மகளின் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. 8.2 சதவீதம் வட்டி. 15 ஆண்டுகள் கட்ட வேண்டும். 21ஆம் ஆண்டு முதிர்கிறது. அவள் 18 வயதைத் தொட்டதும் மேற்படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும் என்ற ஏற்பாடுதான். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயை நாங்கள் வீட்டுச் செலவில் சேர்ப்பதே இல்லை. கணக்கில் ஏறியதும் மகளின் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன்.

நகைக்கடைகளின் 11 மாதத் திட்டத்தில் ஒருமுறை சேர்ந்திருக்கிறேன். வாடிக்கையாளரின் முன்பணத்தை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்பதால்தான் அவை 11 மாதத்தில் முடிகின்றன. சேதாரச் சலுகை உண்மையில் லாபம்தான், ஆனால் நகை வாங்கியே ஆக வேண்டிய குடும்பத்துக்கு மட்டும். வருமானம் நின்றுபோனால் வீட்டில் அடகு வைக்க ஏதாவது வேண்டும் என்பதற்காக ஒரு பவுன் சங்கிலி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறோம்.

இங்கே பி.எஃப். பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எங்கள் ஊரில் பிடித்தம் இல்லாத கம்பெனிக்குப் போனால் வாரம் ஐந்நூறு கூடக் கிடைக்கும் என்று ஆள் மாறுபவர்கள் அதிகம். என் கணவரும் ஒருமுறை போக நினைத்தார். தொழிலாளியிடம் பிடிக்கும் 12 சதவீதத்துக்கு ஈடாக முதலாளியும் 12 சதவீதம் கட்டுகிறார், அதில் 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்கும் மீதி பி.எஃப். கணக்குக்கும் போகிறது, 2024-25ஆம் ஆண்டுக்கு வட்டி 8.25 சதவீதம். கையில் ஐந்நூறு கூடுவதற்காக அவர் இழக்கப்போவது அதைப்போல் இரண்டு மடங்கு. அதோடு, பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்துவிட்டால், ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கட்டாமலே குடும்பத்துக்கு ரூ. 7 லட்சம் வரை கிடைக்கும் காப்பீடும் அதில் அடங்கியிருக்கிறது. இதைச் சொன்னபோது அவரோடு வேலை செய்யும் பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. வாரிசு நியமனத்தை இணையத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பி.காம். முடித்துக் கம்பெனி அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு, முதல் பிரசவத்தின்போது இ.எஸ்.ஐ. மூலம் 26 வாரச் சம்பளம் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அது 12 வாரத்திலிருந்து உயர்த்தப்பட்டிருந்தது. ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விட்டபோது, என் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டேன். அந்தத் தவறை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

சேமிப்பைப் பற்றி மட்டும் எவ்வளவு பேசினாலும் எட்டுத் தாள்கள் பத்தாகிவிடாது. வருமானத்தைக் கூட்டியாக வேண்டும் என்று 2023இல் தையலை எடுத்தேன். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 20,000 ரூபாய் கடன் வாங்கினேன். 1989இல் தருமபுரியில் தொடங்கிய இந்தக் குழு ஏற்பாடு இல்லாவிட்டால், என்னைப் போன்ற ஒருத்திக்குப் பிணையில்லாமல் யார் கடன் கொடுத்திருப்பார்கள்? 14,000 ரூபாய்க்கு ஒரு பழைய ஜூக்கி மிஷின் வாங்கினேன். மீதியில் கத்தரி, மேசை, லைனிங் துணி.

முதலில் ஜாக்கெட் மட்டும்தான் தைத்தேன். லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்கு 300 ரூபாய் வாங்குவேன். மூன்று மாதம் ஓய்வில்லாமல் உழைத்த பிறகும் கையில் பணம் நிற்கவில்லை. அத்தைதான் கேட்டார்: "ஏங் கண்ணு, ஒரு ஜாக்கெட்டுக்கு எத்தன நேரம் உக்கோர்ற?" என் கணவரின் தாயார் பிசிர் வெட்டும் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கியவர், பீஸ் கணக்கில் பேசத் தெரிந்தவர். உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். லைனிங் துணி 65, நூல், கொக்கி, நாடா 15. மீதி 220. அளவு ஜாக்கெட்டை வைத்து வெட்டுவது, கைக்குழியைச் சரிபார்ப்பது, கழுத்துக்குப் பட்டி வைப்பது, கொக்கி கட்டுவது என்று மூன்று மணி நேரம். மணிக்கு 73 ரூபாய். அதற்கும் மேல், போட்டுப் பார்த்துவிட்டுத் தோள்பட்டை இறங்குகிறது என்று திரும்பி வரும் ஜாக்கெட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூலியில்லாமல் போகும்.

அப்போதுதான் பிறந்த குழந்தைகளுக்கான ஜப்லா தைக்கும் யோசனை வந்தது. காதர்பேட்டையில் பனியன் துணியின் பிட்டுகளைக் கிலோ கணக்கில் விற்கிறார்கள். தொட்டுப் பார்த்து மென்மையான இன்டர்லாக் துணியாகப் பொறுக்கினால் ஒரு கிலோவில் 14 ஜப்லா வரும். துணிக்கும் நூலுக்கும் சேர்த்து ஒன்றுக்கு 16 ரூபாய் ஆகிறது. 35 ரூபாய்க்கு விற்கிறேன். மிச்சம் 19. மணிக்கு ஆறு தைக்கலாம். ஆகவே மணிக்கு 114 ரூபாய். என் ஜப்லாவில் ஒரு விசேஷம் உண்டு. தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்கும்படி தைப்பேன். பத்து நாள் குழந்தையின் அக்குளில் ஓவர்லாக் மடிப்பு உரசிச் சிவந்துபோவதை என் மகனிடம் பார்த்திருக்கிறேன். பொத்தானுக்குப் பதிலாக முன்பக்கம் துணி நாடாவால் இரண்டு முடிச்சு. தைத்ததை வெறும் தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, மடித்துத்தான் கொடுப்பேன். வளைகாப்புக்கு வந்த பெண்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கேட்டு வாங்க, இப்போது மாதம் 5,000 முதல் 6,000 வரை கிடைக்கிறது. ஜாக்கெட்டையும் விடவில்லை, முகூர்த்த மாதங்களிலும் தீபாவளிக்கு முன்பும் மட்டும் எடுக்கிறேன். என் வருமானத்தில் பாதி குழுக் கடனுக்கும் வீட்டுக்கும் போகும். மறுபாதியை, 24,000 ரூபாய் சேரும் வரை, தபால் நிலையத்திலேயே கண்ணில் படாத ஒரு தனிக் கணக்கில் போட்டு வந்தேன். ஆறு வாரச் சம்பளம் அது. அம்மாவின் அரிசிப் பானை.

அந்தப் பானைக்குச் சோதனை 2025இல் வந்தது. ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்களுக்கான அமெரிக்க வரி 50 சதவீதமாக ஏறியது. எங்கள் ஊருக்கு அது தொலைக்காட்சிச் செய்தியாக மட்டும் இருக்கவில்லை. அமெரிக்க ஆர்டரை நம்பிய தையல் லைன்களில் வெட்டிய துணி வெட்டியபடியே கிடந்தது. ஆகஸ்ட் 30 சனிக்கிழமை என் கணவர் வீட்டுக்கு வந்தபோது முகமே சரியில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஓவர்டைம் கிடையாது, வாரத்தில் சில நாள் ஷிப்டே இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். காலண்டரைப் பார்த்தேன், அது அந்த மாதத்தின் ஐந்தாவது சனிக்கிழமை. மகள் எட்டுத் தாள்களை எண்ணி வைத்தாள். "இந்த வாரம் டப்பாவுல போட வேண்டாம், கைல இருக்கட்டும்" என்றார் அவர்.

"இது புள்ளைகளோட பீஸ் காசுங்க. கைக்கு வேற காசு வெச்சிருக்கறனுங்க" என்று சொல்லித் தபால் நிலையப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அந்தக் கணக்கில் 24,000 இருப்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் எண்ணாகப் பார்த்ததும் அவர் தோள்கள் சற்றுத் தளர்ந்ததை நான் கவனித்தேன்.

செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து பாயில் ஐந்து தாள்கள்தாம் விழுந்தன. வாரம் 1,500 குறைந்தது. பத்து வாரங்களில் 15,000 ரூபாயை அந்தக் கணக்கிலிருந்து எடுத்தோம். ஆர்.டி. நிற்கவில்லை. மகளின் கணக்குக்கு இரண்டு மாதம் கட்டாமல் உரிமைத் தொகையை மளிகைக்கு எடுத்துக்கொண்டேன். அதனால் எந்த இழப்பும் இல்லை. தீபாவளி ஜாக்கெட்டுகள் வரிசையாக வந்தன. இரவு பன்னிரண்டு வரை தைத்தேன். அவர் கொக்கி கட்டிக் கொடுத்தார். அக்கம்பக்கத்தில் இரண்டு குடும்பங்கள் மீட்டர் வட்டிக்குப் பணம் வாங்கின. மிதமிஞ்சிய வட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003லேயே தமிழகத்தில் வந்துவிட்டது. சனிக்கிழமை இரவு வாசலில் வந்து நிற்கும் வசூல்காரரிடம் அந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்லும் துணிவு யாருக்கு இருக்கிறது? அந்த வீட்டுப் பெண்களில் ஒருத்தி என்னைவிட நன்றாகத் தைப்பவள். அவளுக்கு ஜப்லா வெட்டிக் கொடுத்து, பீஸுக்கு எட்டு ரூபாய் கூலிக்குத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். நூலும் துணியும் என் பொறுப்பு. எனக்கு மிச்சம் குறைந்தது. ஆனால் முன்பைப் போல இரண்டு மடங்கு ஜப்லா வெளியே போகிறது.

நவம்பர் நடுவில் ஐரோப்பிய ஆர்டர் ஒன்று கிடைத்து லைன் மறுபடி ஓடத் தொடங்கியது. அவசரக் கணக்கில் 9,000 மிஞ்சியிருந்தது. அதை மீண்டும் 24,000 ஆக்கும் வேலையில் இருக்கிறேன்; குழந்தைத் துணிப் பணத்தில் வாரம் 500 அதற்கென்று போகிறது.

2026 ஜனவரி 31, ஐந்தாவது சனிக்கிழமை. மகள் எண்ணி முடித்து, "எட்டு" என்றாள். தம்பி ஒரு தாளை இழுக்கப் பார்த்தான். அவன் கையைத் தட்டிவிட்டு, எட்டையும் கவருக்குள் திரும்பப் போட்டு, பச்சை டப்பாவை அவளே எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அடுத்த ஐந்து சனி எந்த மாதம் வருகிறது என்று கேட்டாள். காலண்டரைக் கையில் கொடுத்து அவளையே தேடச் சொன்னேன். ஒவ்வொரு மாதமாகச் சனிக்கிழமைகளை விரல் வைத்து எண்ணிக்கொண்டே போய், மே மாதத்தில் நிறுத்தினாள்.